ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம்

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிடும் வேலையில் இருக்கிறவரைப் பார்த்து, "கொஞ்சம் மனுஷங்களை நம்புங்க" என்று சொல்வதற்குத் தனியாக ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் அவருடைய மனைவி ஒருத்திக்குத்தான் இருந்தது. அவளும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் வேறு வழி தேடினாள்.

ஆபீஸில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெயர் வைத்தவன் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கேயாவது கிடங்கு தீப்பிடித்தால், கடைக்குள் தண்ணீர் புகுந்தால், சரக்கு லாரி கவிழ்ந்தால் அவரைத்தான் அனுப்புவார்கள். பாதி எரிந்த துணி மூட்டையைக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இது எரியறதுக்கு முன்னாடியே பூஞ்சை பிடிச்ச சரக்கு" என்பார். சொந்தக்காரர் முகத்தில் ஈயாடாது. இப்படி ஊரையே மடக்கிப் பழகிய மனிதர் வீடு வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும்? என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

முதலில் பார்த்த வீட்டில் புது பெயின்ட் வாசனை அடித்தது. "புதுசா பெயின்ட் அடிக்கிறவன் எதையோ மூடுறான்" என்று அதைத் தள்ளினார். இரண்டாவது வீட்டில் சுவரெல்லாம் அழுக்கு. "விக்கிறப்பகூட பெயின்ட் அடிக்காதவன் எதுக்கோ அவசரப்படுறான்" என்று அதையும் தள்ளினார். மூன்றாவது வீட்டில் பெயின்ட் புதுசும் இல்லை, பழசும் இல்லை. அது அவருக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது. அவர் ஆற அமர யோசித்து முடிப்பதற்குள் வேறு யாரோ அதை வாங்கிக் குடிபுகுந்துவிட்டார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தது; மனைவிக்கு அதில் ஒரே ஆசை. செய்தி தெரிந்த அன்று வாடகை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் அழுதாள்.

அவள் அழுததில் நியாயம் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடுதான். பரிசாக வந்த கண்ணாடிப் பாத்திரங்கள், நம் வீட்டுக்குப் போனதும் எடுக்கலாம் என்று கட்டி வைத்த அட்டைப்பெட்டியிலேயே இன்னும் கிடந்தன. வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியும் பிரிக்கப்படாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. இப்போது இருக்கிற கட்டடத்தையும் இடிக்கப் போகிறார்களாம். மழைக்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லியாயிற்று.

"இன்னும் ஒரே ஒரு வீடுதான் பாப்பேன்" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதையும் நீங்க நோண்டி நோண்டிக் கெடுத்தீங்கன்னா எனக்கு வீடே வேணாம். எந்த வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வாயை மூடிக்கிட்டு வந்துடறேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்.

அவளுக்கு வேலை பல் மருத்துவமனையில். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் பல்லைப் பார்ப்பார். பல்லோடு கூட வந்த ஆளைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. நாற்காலியில் சாய்ந்ததுமே அலறத் தயாராக இருப்பவர்களிடம், "வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவோம். அதுவரைக்கும் வாயைத் திறந்து வச்சிருங்க, பேசாதீங்க" என்பாள். கையைத் தூக்கலாம் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பேர் கையைத் தூக்குவதே இல்லை. அந்த வித்தையைத்தான் இப்போது கணவனிடம் இறக்கினாள்.

"இனிமே வீட்டைப் பத்தி சந்தேகம் வந்தா கையைத் தூக்குங்க. ராத்திரி சாப்பிடறப்ப கேட்டுக்கறேன். ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம். மத்ததெல்லாம் உள்ளயே இருக்கட்டும்."

"ஒண்ணு பத்தாதே" என்றார் அவர்.

"நல்லதா பாத்து ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. வீடு வாங்கறது சந்தோஷமான விஷயம். நம்ம வீட்டுல மட்டும்தான் அது கொலைக் கேஸு மாதிரி நடக்குது."

பூதக்கண்ணாடி ஒப்புக்கொண்டார். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று நீங்கள் நினைக்கலாம். பயம்தான். பயத்தைவிட ஆசை அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலாவது வீட்டைத் தரகர் கொண்டுவந்தார். ஒரு குறுகலான தெருவில், ஒட்டினாற்போல நின்ற இரண்டு வீடுகளில் வலப்பக்கத்து வீடு. கீழே இரண்டு அறை, மேலே ஒரு அறை, அதற்கு மேல் மொட்டைமாடி. எதிரில் ஒரு சலூன். விற்கிறவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகன் வேறு நாட்டில் இருக்கிறான், அவனோடு போய் இருக்கப் போகிறார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்ன தரகர், "ஒரே ஒரு கண்டிஷன், மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து நாலு மணிக்குள்ளதான் வீடு பாக்க வரணும்" என்றார். வாசலில் விற்பனைப் பலகை எதுவும் இல்லை. பூதக்கண்ணாடியின் கை தானாக மேலே எழும்பியது. மனைவி அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

லிஃப்ட்காரர் கதவைத் திறந்ததும், வாங்க என்பதற்கு முன்பே வீட்டின் குறைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"இந்தக் கதவு மழை நாள்ல ஊதிக்கும், தோளைக் குடுத்துத் தள்ளணும். மேல குழாயில தண்ணி மெதுவாத்தான் வரும். மொட்டைமாடி மூலையில தண்ணி தேங்கும், எத்தனையோ தடவை பூசிப் பாத்துட்டேன், கேக்கல. பக்கத்து வீட்டம்மாவோட நாய் ஈ காக்கா போனாலும் குரைக்கும். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு உள்ள வாங்க."

மனைவியின் முகம் மலர்ந்தது. பூதக்கண்ணாடிக்கு மூக்கு வேர்த்தது.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு சர்க்கரை வியாபாரி, கடைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்டான். "மேல் அடுக்குல இருக்கற மூட்டை நனையல சார், அதைச் சேக்காதீங்க, பாவம்" என்று அவனே எடுத்துச் சொன்னான். என்ன நாணயம் என்று பூதக்கண்ணாடிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கீழ் அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது மணல். அன்றைக்கு மனசில் ஒரு சட்டம் எழுதிக்கொண்டார்: தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவன், சின்னதைக் காட்டிப் பெரியதை மறைக்கிறான். அன்றிலிருந்து நாணயமாகப் பேசுகிறவர்களின் மூட்டையைத்தான் முதலில் பிரிப்பார்.

"நீங்களே இவ்வளவு சொல்றீங்களே?" என்று வாயைக் கிளறினார்.

"பழக்கம் சார். லிஃப்டை ஒப்படைக்கறப்ப குறையைச் சொல்லாம வந்துட்டோம்னா அடுத்த நாள் யாராவது உள்ள மாட்டிக்குவாங்க."

பதிலைத் தயாராகவே வைத்திருக்கிறார், என்று பூதக்கண்ணாடி நினைத்துக்கொண்டார். அவர் கை மறுபடி மேலே போயிருந்தது.

"சாருக்குத் தோள் வலியா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"அப்பப்ப வரும், தானா போயிடும்" என்றாள் மனைவி.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் மருத்துவமனையில் கேட்கிற மாதிரியே கேட்டாள், "எங்க வலிக்குது, சொல்லுங்க."

"ஏன் இவ்வளவு குறை சொல்றாரு?"

"நல்லவரா இருக்கலாம்ல?"

"அது ஒரு காரணமா?"

"இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது. சாப்பிடுங்க."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஏற்பாடு கொஞ்சம் வேலை செய்தது. ஒரே ஒரு சந்தேகத்தைத்தான் கேட்கலாம் என்றதும், இருப்பதிலேயே உருப்படியான சந்தேகம் எது என்று பகலெல்லாம் பொறுக்கினார். பொறுக்குகிற வேலையில் பாதி சந்தேகங்கள் அற்பமாகத் தெரிந்து உதிர்ந்துபோயின. அவளும் நிம்மதியாகத் தூங்கினாள். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்றுகூடப் பேச ஆரம்பித்தாள். எல்லாம் இரண்டாம் முறை வீடு பார்க்கப் போகிற வரைக்கும்தான்.

இரண்டாம் முறை அவர் கீழே குளியலறை ஓடுகளை விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி, தண்ணீர் தேங்குகிற மூலையைப் பார்க்க லிஃப்ட்காரரோடு மொட்டைமாடிக்குப் போனாள். போனவர்கள் வெகு நேரம் இறங்கவில்லை. பூதக்கண்ணாடி பின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அங்கேதான் அது கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியும் இந்த வீட்டு ஜன்னல் கம்பியும் ஒரே மாதிரி, வளைவுக்கு வளைவு, ஒரே பட்டறையில் அடித்தது. பின்படிக் கல்லும் ஒன்றே. நடுவில் இருந்த மதில் மட்டும் பிற்பாடு எழுப்பியது, செங்கல் வேறு. மதிலில் ஒரு சின்னக் கதவு. அதன் தாழ்ப்பாள் தினமும் கை பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தது. ஈ காக்காவுக்கெல்லாம் குரைக்கிற நாயைக் காணவே காணோம்.

மனைவி இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"மேல காத்து, தூசி விழுந்துடுச்சு" என்றாள்.

அவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ராத்திரி கையைத் தூக்கினார். "அந்த ரெண்டு வீடும் முன்னாடி ஒரே வீடு. பிரிச்சிருக்காங்க. பக்கத்து வீட்டம்மா யாரோ இல்ல, இவருக்குச் சொந்தம். பங்கு இருக்கு. அதை மறைக்கிறாரு."

"ரெண்டையும் ஒரே மேஸ்திரி கட்டியிருப்பாரு" என்றாள் அவள் சட்டென்று. "சாப்பிடுங்க, ஆறுது."

"மதில்ல ஒரு கதவு..."

"அது ரெண்டாவது சந்தேகம். நாளைக்கு."

நாளைக்கு வரைக்கும் யார் பொறுப்பது? அட்வான்ஸ் கொடுக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக் குடிபோன பிறகு பங்காளி ஒருத்தி வழக்குப் போட்டால், இவள் பிரித்து அடுக்குகிற பாத்திரங்களை மறுபடி அட்டைப்பெட்டியில் கட்ட வேண்டியதுதான். அவளுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். கொஞ்சம் உண்மையும்கூட.

மறுநாள் சாயந்திரம், ஒரு கிடங்கைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு எதிர் சலூனில் போய் உட்கார்ந்தார். நாற்காலிக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் இரண்டு வீடுகளும் நன்றாகத் தெரிந்தன. அன்றைக்கு முடி வெட்டிக்கொண்டார். அடுத்த நாள் முகம் மழித்துக்கொண்டார். அதற்கும் அடுத்த நாள் போனபோது சலூன்காரர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சார், இதுக்கு மேல வெட்டணும்னா உள்ள இருக்கறதைத்தான் வெட்டணும். சும்மா உக்காருங்க, டீ சொல்றேன்."

"அந்த இடப்பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?"

"அந்தம்மாவா? நல்லவங்க" என்று சொல்லிவிட்டு, வெட்ட ஒன்றும் இல்லாத தலைக்கு மேல் மெஷினைப் போட்டு ஓடவிட்டார் சலூன்காரர். பிடி கொடுக்கவே இல்லை. ஆக இவரும் கூட்டு.

ஆனால் கண்ணாடி பொய் சொல்லவில்லை. ஐந்து மணி வாக்கில் ஒரு அம்மாள், தையல் துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாயைப் பிடித்தபடி வந்து இடப்பக்கத்து வீட்டைத் திறந்தாள். நாய் தெருவையே தூக்கிவிடுகிற மாதிரி குரைத்தது. நாய் இல்லாமல் போனது தாங்கள் வருகிற மத்தியான வேளையில் மட்டும்தான், என்று பூதக்கண்ணாடிக்கு உறைத்தது. அந்தம்மாள் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வீட்டைக் காட்டுகிறார். விளக்கு வைக்கிற நேரத்தில் லிஃப்ட்காரர், மூடி போட்ட ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தெருப்பக்கம் இரண்டு தடவை பார்த்துவிட்டு, வீடுகளுக்குப் பின்னால் போனார். வெகு நேரம் கழித்துக் கழுவின பாத்திரத்தோடு திரும்பினார். தினமும் இப்படித்தான்.

மூன்றாம் நாள், லிஃப்ட்காரர் பாத்திரத்தோடு கிளம்புவதற்கு முன்பே, பூதக்கண்ணாடி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தெருவைக் கடந்து போய் இடப்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நாய் வழக்கம்போல வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது.

"யாரு?" என்று கேட்டபடி அந்தம்மாள் வந்தாள். அறுபதைத் தாண்டியவள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே தையல் மெஷின் மேல் யாருடைய சட்டையோ பாதி பிரித்துக் கிடந்தது.

"பக்கத்து வீட்டை வாங்கலாம்னு இருக்கோம்மா. அதுல உங்களுக்கு ஏதாவது பங்கு, பாத்தியதை இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

"எந்த வீடு?"

"இதோ, இந்த வீடு."

"அது என் தம்பி வீடு. பங்கெல்லாம் அப்பவே பிரிச்சு எழுதியாச்சு. எனக்கு இது, அவனுக்கு அது. ஆனா அவன் விக்கலையே."

பூதக்கண்ணாடி எத்தனையோ முகங்களைப் படித்தவர். அந்த முகத்தில் பொய் இல்லை என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட முகத்துக்கு முன்னால் அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லியிருக்காங்க தம்பி" என்றாள் அவள், அவருக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

இந்த இடத்தில் ஆமாம்மா, வீடு மாறி வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் பிறத்தியாரிடம் உண்மையைக் கறந்தவருக்கு, கேட்ட இடத்தில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"ரெண்டு தடவை வந்து பாத்துட்டோம்மா. அடுத்த வாரம் அட்வான்ஸ்."

"அவன் எங்க போறானாம்?"

"மகன்கிட்ட. வேற நாட்டுக்கு."

"திரும்பி வருவானாமா?"

"அது சொல்லலை. வீட்டை விக்கறாரே."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கேள்வி கேட்கிற பக்கம் நிற்காமல் இந்தப் பக்கம் நின்றது அவருக்கு அதுதான் முதல் தடவை. பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் பாத்திரத்தோடு உள்ளே வந்து, வாசலில் நின்றவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

"உன் வீட்டை வாங்க வந்திருக்காருடா. உக்காரச் சொல்லு" என்றாள் அக்கா.

"அக்கா, நானே சொல்லலாம்னுதான்..."

"எப்ப? போய்ச் சேந்துட்டு போன்லயா?"

லிஃப்ட்காரர் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பியபோது அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"சார், உங்க வீட்டம்மா உங்ககிட்ட சொல்லலையா?"

"எதை?"

"மாடியில வச்சு எல்லாத்தையும் சொன்னேனே. இது என் அக்கா, இவகிட்ட இன்னும் சொல்லல, பக்கத்துல நல்ல மனுஷங்க வந்துட்டாங்கன்னு காட்டிட்டு அப்புறம் நானே சொல்றேன், அதுவரைக்கும் உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னு. அவங்க அழுதுட்டாங்க சார்."

பூதக்கண்ணாடிக்கு, கண்ணில் விழுந்த தூசிக்குக் கைக்குட்டை கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றாள் அக்கா. மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, பிரித்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தைக்கவில்லை.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மனைவி கதவைத் திறந்ததும், "கிடங்கு இல்ல. பொய். அந்தம்மாகிட்ட போய்க் கேட்டுட்டேன்" என்றார். அவள் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"வீடு போச்சு" என்றாள். அப்புறம், "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்றாள்.

"நல்லா இல்ல. உனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல விருப்பம் இல்லை. "நேரா போய் அந்தம்மாகிட்ட பங்கு இருக்கான்னு கேட்டிருப்பேன்."

"இப்ப என்ன பண்ணீங்க?"

"அதையேதான்."

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். "உங்க மனசுல பாரம் ஏத்த வேணாம்னு பாத்தேங்க" என்றாள் அவள். "நிம்மதியா வாங்கணும்னு எவ்வளவு பாடுபட்டேன். நீங்க ஜன்னல் கம்பியைப் பத்திக் கேட்டப்ப எனக்கு உள்ள நடுங்கிப்போச்சு. எப்படியோ மேஸ்திரி தலையில போட்டுட்டேன்."

"கண்ணுல தூசின்னு நீ சொன்னதை நான் நம்பிட்டேனே" என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அவர் சரிபார்க்காத ஒரே ஆள் அவள்தான். ஊரில் எவன் எதைச் சொன்னாலும் திருப்பிப் போட்டுப் பார்க்கிறவர், அவள் சொன்னதை மட்டும் சொன்னபடியே எடுத்துக்கொண்டிருந்தார். அவளைச் சந்தேகப்படத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். வீடு போனதைவிட அதுதான் வலித்தது, அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் யாரும் கையைத் தூக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வாடகைக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி, யார் யாரிடமோ அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஃப்ட்காரர் போன் செய்தார். "அக்கா உங்ககிட்ட பேசணுமாம் சார்" என்று சொல்லி, வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் கைமாற்றினார். பூதக்கண்ணாடி, மனைவிக்கும் கேட்கிற மாதிரி போனை மேசை மேல் வைத்தார்.

"தம்பி, நான் சொல்றதைக் கேட்டுக்கங்க" என்றாள் அக்கா. "இவன் ஒரு வாரமா என் முன்னாடி திருடன் மாதிரி நின்னுக்கிட்டு இருக்கான். போகட்டும், அவனுக்கும் பிள்ளைகூட இருக்கணும்னு ஆசை இருக்காதா. போறதுக்குக் கோபம் இல்ல. தரகருக்குத் தெரிஞ்சிருக்கு. சலூன்காரருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெருவே எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் சிரிச்சிருக்கு. இப்ப யாராவது என்னைப் பாத்துச் சிரிச்சா எனக்கு பயமா இருக்கு தம்பி. நீங்க ஒருத்தர்தான் கதவைத் தட்டி நேரா கேட்டீங்க. நல்லவர்னு சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துல அப்படி ஒரு ஆள் இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். வீட்டை வாங்கிக்கங்க. இவனை வேற யாருக்கும் விக்க விடமாட்டேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூதக்கண்ணாடி, "நாய் ராத்திரியில குரைக்குமா?" என்று கேட்டார்.

"குரைக்கும். விடிய விடிய குரைக்கும்."

"சரிம்மா. வாங்கிக்கறோம்."

போனை வைத்ததும் மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். கண்ணீரோடு சிரித்தாள். சமையலறை எந்தப் பக்கம், பீரோ எந்தச் சுவர், ஊதிக்கொள்கிற கதவை இழைக்க யாரைக் கூப்பிடலாம் என்று ஒரே மூச்சில் பேசினாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு கிடைத்துவிட்டது, அதுவும் தன்னுடைய கெட்ட குணத்தால் கிடைத்தது. ஆபீஸில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"என்கிட்ட சொல்லாதது வேற ஏதாவது இருக்கா? வீட்டைப் பத்தியோ, எதைப் பத்தியோ."

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே, பதில் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகமோ என்று நினைத்தார். நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று எண்ணி அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.